ஒரு நூல் இடைவெளி

துப்பாக்கி எப்படிச் செய்வது என்று இனிமேல் யாரும் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. கைப்பேசியில் எவனோ வெள்ளைக்காரன் செய்து காட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். "எந்த பேரல் நல்லது அங்கிள், எந்த ஸ்கோப் போடணும்" என்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஸ்குரூவைத் திருகினாலும் ஜெயிலில் கம்பி எண்ண வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நான் தொட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் லைசென்சுக்குள் இருந்தது. அதனால்தான் இந்த வயதில் ஆரணியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சேத்துப்பட்டு ரோட்டில் இருக்கிற எங்கள் ரைபிள் கிளப்பில் என் இடத்துக்குப் புதிதாக ஓர் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்த்து வைக்கிறவர், வந்திருக்கிறார். டிப்ளமோ படித்தவர். போன வாரம் போன் செய்தார்.

"ஐயா, நீங்க பண்ண அந்த ரைபிள் கட்டைய எடுத்துட்டு அலுமினியம் போடப் போறோம். ஒண்ணு மட்டும் கேக்கணும். பேரலுக்குக் கீழ இவ்ளோ பெரிய சந்து வுட்டுக் கீறீங்களே, எதுக்கு? எலி பூந்துரும் போல கீது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அலுமினியம் போடட்டும், அது பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அலுமினியம் தண்ணீர் குடிக்காது, நல்ல சாமான்தான். ஆனால் அந்தச் சந்தை எலி வளை என்று சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை. அந்தச் சந்து வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது. அப்பா கூலி வேலைக்காரர், எங்களுக்கென்று ஒரு அடி நிலம் கிடையாது. ஆரணியில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு வேலூரில் லைசென்ஸ் வாங்கிய ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்கப் போனேன். அங்கே அரம் பிடிக்கக் கற்றேன். தோட்டாப் பெட்டியின் மேல் இருக்கிற எழுத்தைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் படித்தேன். பத்து வருஷம் கழித்து, பெரிய பெரிய மிராசுதாரர்களெல்லாம் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து கடை முதலாளியைக் கேட்காமல் "ஏழுமலை இருக்காரா" என்று கேட்டார்கள். இந்த ஊரில் பட்டுத்தறியில் உட்காராமல் கைவேலையால் பெயர் வாங்கியவன் நான் ஒருத்தன்தான். கிளப் ஆரம்பித்தபோது என் வீடு தேடி வந்து கூட்டிப்போனார்கள். நான் மனு போடவில்லை.

கிளப்பில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பரந்தாமன் சார் ஒருவரைத் தவிர.

அவர்தான் கோச். மிலிட்டரியில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம்தான். ஆனால் பேச்சைக் கேட்டால் டெல்லிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர் மாதிரி இருக்கும். என்னைவிடச் சின்னவர். என்னை 'மிஸ்டர் ஏழுமலை' என்பார். வெறும் ஏழுமலை என்று கூப்பிட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. ரேஞ்சுக்குள் டீ கொண்டுபோகக் கூடாது. செருப்பை வெளியே விட்டால் ஜோடி நேராக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் வாயால் சொல்ல மாட்டார், நாம் பார்க்கிறபோது குனிந்து அவரே நேராக வைப்பார். அது திட்டுவதைவிட மோசம்.

சுடுகிற பிள்ளைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குண்டு போனதும் டெலஸ்கோப்பில் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை: "மறுபடி." நடுவில் பட்டாலும் மறுபடி, ஓரத்தில் பட்டாலும் மறுபடி. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவர் குரலில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போவார்கள்.

என்னோடு அவருக்குச் சண்டை அளவில்தான். நான் சுமார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"சுமார்னு ஒரு கோடு எந்த ஸ்கேல்ல இருக்கு மிஸ்டர் ஏழுமலை? காட்டுங்க, பாப்போம்."

எல்லாம் மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது அங்குலத்திலும் நூலிலும். எட்டு நூல் ஓர் அங்குலம். கொத்தனாரும் தச்சரும் நம் பக்கம் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவர் மில்லியில் சொல்வார், நான் மனசுக்குள் நூலாக்கிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கில் நான் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பயிற்சி வகுப்புக்கு ஒரு நல்ல ரைபிள் வேண்டும் என்று முடிவானது. கிளப்பில் ஒரு பழைய பாயிண்ட் டூ டூ ரைபிள் கிடந்தது. ஒரு தடவை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற போல்ட் வகை. அதன் இரும்பு தங்கம், கட்டை குப்பை. கட்டை என்று நாங்கள் சொல்வது தோளில் வைத்துப் பிடிக்கிற மரப் பகுதியை. அதில் வெடிப்பு ஓடியிருந்தது. குண்டு போகிற குழலான பேரலும் புதிதாக முறைப்படி வந்து சேர்ந்தது. புதுக் கட்டை போட்டு முழுசாகக் கட்டித் தருகிறேன் என்று நான்தான் ஏற்றுக்கொண்டேன். சென்னைக்கு அனுப்பலாம் என்றார் பரந்தாமன் சார். சென்னையில் இருக்கிறவனுக்கு என்னைவிட என்ன தெரியும் என்று கேட்டேன். வேலை என்னிடமே வந்தது.

இந்த வேலையில் இரும்பு பாதிதான், மீதி மரம். போல்ட் இருக்கிற நடுப்பகுதி கட்டையோடு அப்படியே ஒட்டி உட்கார வேண்டும், கடுகளவு ஆட்டம் கூடாது. அதற்கு இரும்பின் அடியில் விளக்குக் கரி தடவி, மரத்தில் வைத்து அழுத்தி, எடுத்துப் பார்க்க வேண்டும். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி வைத்து எடுப்பது, மறுபடி சுரண்டல். முழுசும் ஒரே கறுப்பாகப் படிகிற வரை விடக் கூடாது. பேரல் அதற்கு நேர் எதிர். அது கட்டையின் பள்ளத்துக்குள் படுத்திருப்பதுபோலத் தெரியும், ஆனால் எங்கேயும் தொடக் கூடாது. குண்டு போகிறபோது பேரல் அதிரும். தொட்டால் அதிர்வு மாறும், குண்டு வேறு பக்கம் போகும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டி, மற்ற இடத்தில் பங்காளி மாதிரி தள்ளி நிற்க வேண்டும்.

மர வேலைக்கு நான் பிடித்த ஆள் தேசிங்கு ஆசாரி. ஆரணியில் பாதித் தறி அவர் கைபட்டது. தறியில் ஊடிழையை இழுத்துக்கொண்டு நாடா போய் வருகிற பாதையை அவர் இழைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். துப்பாக்கியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால், பேரல் பருமனுக்கு ஒரு இரும்புக் குழாயைக் கடைந்து அவர் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுக்கும்போது சும்மா கொடுக்கவில்லை. வேலை எப்படிப்பட்டது என்று நன்றாக எடுத்துச் சொன்னேன்.

"ஆசாரி, இது கதவு ஜன்னல் இல்ல. அம்பது மீட்டர் தள்ளி ஒரு எறும்பு நின்னுகினு இருந்தா அது கண்ணுல போய்ப் படணும். ஏழுமலை கட்டுன ரைபிள்னு ஊரே பேசணும்."

"நம்ம வேலையப் பத்தி நீங்க சொல்லணுமா," என்றார் அவர்.

அந்த வாரம் என் மனைவிக்கு வேலூரில் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறபோது பரந்தாமன் சார் போன் செய்தார். பேரலுக்குச் சுற்றிலும் மூன்று மில்லி இடைவெளி வேண்டும் என்றார். நான் உடனே ஆசாரிக்குப் போட்டேன். பக்கத்தில் நர்ஸ் வேறு டோக்கன் நம்பரைக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆசாரி, சுத்தி ஒரு நூல் வுடுங்க. கரெக்டா ஒரு நூல்."

"ஒரு நூலா? சரி, வுட்டுட்றேன்."

மூன்று மில்லி என்பது ஒரு நூல்தான். யார் வேண்டுமானாலும் ஸ்கேல் வைத்துப் பார்க்கட்டும்.

திரும்பி வந்தபோது கட்டை தயாராக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பேரலைப் பள்ளத்தில் வைத்தால் மோதிரம் விரலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடைவெளி கொஞ்சம் சன்னம் என்று பட்டது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பது வழக்கம். தாள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை தடங்கல் இல்லாமல் வந்தால் சரி. நுழைத்தேன், வந்தது. தாள் வந்த பிறகு ஸ்கேல் எதற்கு என்று விட்டுவிட்டேன். கோச் கேட்டார், "மூணு மில்லி?" நான் சொன்னேன், "ஒரு நூல் சார். கரெக்டா இருக்குது." ஒர்க்‌ஷாப் என் எல்லை என்று அவர் உள்ளே கை வைக்க மாட்டார். அந்த மரியாதையை அன்றைக்குப் பார்த்துக் காட்டினார்.

வெயில் காலம் முழுக்க அந்த ரைபிள் பேசியது. ஐந்து குண்டு சுட்டால் ஒரு பொத்தான் அளவு வட்டத்துக்குள் விழுந்தது. திருவண்ணாமலையிலிருந்து பார்க்க வந்தார்கள். நான் ஒவ்வொருத்தருக்கும் எறும்புக் கதையைச் சொன்னேன்.

அந்த வகுப்பில் எஸ்தர் என்று ஒரு பெண். சந்தவாசல் பக்கத்துக் கிராமம். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற இடத்தில் வேலை. வேலைக்கு வருகிற வழியில் அம்மா மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார், அதனால் எஸ்தர்தான் காலையில் முதல் ஆளாகச் சுடுவாள். மற்றவர்கள் வெயில் ஏறிய பிறகுதான் வருவார்கள். மாநிலப் போட்டியில் நல்ல இடம் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு மனு போடலாம். இந்த வருஷம் டீமில் இல்லை என்றால் செருப்புக் கம்பெனிக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. வெயில் காலத்தில் அவள்தான் முதலாவது.

ஐப்பசி வந்தது, மழை பிடித்துக்கொண்டது. எஸ்தரின் குண்டு மேலே ஏற ஆரம்பித்தது. மேலே, கொஞ்சம் இடது பக்கம். கோச் பின்னால் நின்று மறுபடி, மறுபடி என்றார். அவள் நனைந்துகொண்டு வருவாள், உடம்பு லேசாக நடுங்கும். அதே ரைபிளில் பத்து மணிக்கு மேல் மற்றவர்கள் நன்றாகத்தான் சுட்டார்கள். அப்படியென்றால் தப்பு யார் மேல்? நானும்தான் சொன்னேன், "ரைபிள்ல ஒண்ணும் இல்ல சார், நான் கட்டுனது." பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னேன்.

ஒரு நாள் கோச் அவளைக் கூப்பிட்டார். "டென்ஷன்ல கை போகுது. இந்தத் தடவை வேண்டாம். ஜாக்கெட்டைக் குடுத்துட்டுப் போ. அடுத்த வருஷம் பாக்கலாம்."

சுடும்போது போடுகிற அந்தத் தடித்த கான்வாஸ் ஜாக்கெட் கிளப்புடையது. அதைத் திருப்பிக் கேட்டால் டீமில் இல்லை என்று அர்த்தம். அவள் அழவில்லை. ஜாக்கெட்டின் கையை உள்ளே மடித்து, பட்டன் போட்டு, புடவை மடிக்கிற மாதிரி நாலாக மடித்து மேஜை மேல் வைத்தாள். அப்புறம் நேராக என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காதீங்க."

"இன்னா?"

"என் கை நடுங்கினா குண்டு நாலா பக்கமும் செதறணும் இல்ல? எனக்கு அஞ்சும் ஒரே எடத்துல தான் வுழுது. ஆனா வேற எடத்துல வுழுது. நடுங்குற கை எப்பிடி அங்கிள் ஒரே எடத்துக்குப் போவும்?"

"அதெல்லாம் கோச்சைப் போய்க் கேளு."

"அவரு மறுபடின்னு தான் சொல்வாரு."

"வெயில் காலத்துல இதே ரைபிள்தான?"

"அதான் நானும் சொல்றேன். வெயில் காலத்துல இதே கைதான?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் ரைபிளைக் குற்றம் சொல்லவும் ஆள் வந்துவிட்டது என்று. அவளைப் போகச் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது பல்லில் மாட்டிய நார் மாதிரி உள்ளேயே நின்றது. சிதறினால் ஆள், நகர்ந்தால் ஆயுதம். இது நான் கடையில் பெருக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தெரிந்த விஷயம். ஒரு பெண் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் காலை நல்ல மழை. எஸ்தர் வரவில்லை. ரைபிளை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேஜையில் வைத்தேன். தாளை எடுத்து பேரலுக்குக் கீழே நுழைத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்தால் கிழிந்தது. மத்தியானம் வெயில் அடித்தது. மறுபடி நுழைத்தேன், ஓடியது. கட்டை ஈரத்தைக் குடித்து உப்புகிறது, காய்ந்ததும் இறங்குகிறது. எஸ்தர் சுடுகிற நேரத்தில் மட்டும் மரம் பேரலைத் தொட்டிருக்கிறது.

கட்டையையும் குழாயையும் தூக்கிக்கொண்டு தேசிங்கு ஆசாரி பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு தறிக்கு அச்சுக்கட்டை இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரி, நான் எவ்ளோ வுடச் சொன்னேன்?"

"ஒரு நூல்."

"வுட்டியா?"

"வுட்டேனே. பாக்கறீங்களா?"

எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த கண்டிலிருந்து ஓர் இழையைப் பிரித்து எடுத்துவந்தார். சாயம் போட்ட பட்டு நூல், நல்ல அரக்குச் சிவப்பு. குழாயைக் கட்டையில் வைத்து, அந்த இழையைச் சந்தில் விட்டு இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். மதிய வெயிலில் காய்ந்திருந்த கட்டையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஒரு நூல். கரெக்டா."

அந்த இழையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"யோவ், நூல்னா இதுவா? அங்குலத்துல எட்டுல ஒரு பங்குய்யா. கொத்தனாரு சொல்ற நூலு."

"அந்த நூல் எனக்குத் தெரியாதா? கதவு நெலைக்கு அந்த நூல். நீங்க தான இது கதவு ஜன்னல் இல்ல, எறும்புக் கண்ணுல படணும்னீங்க? அவ்ளோ நுணுக்கமான சாமானுக்குப் போய் கொத்தனாரு நூல் சொல்வீங்கன்னு நான் எப்பிடி நெனைப்பேன்? நாடாப் பெட்டிக்கு வுடற மாதிரி எழைய வுட்டுப் பாத்துப் பாத்து செதுக்கினேன். எனக்கு முதுகே போச்சு."

"சரி, உள்ள வார்னிஷ் ஏன் அடிக்கல? அதனால தான கட்டை ஈரத்தக் குடிக்குது?"

"இந்த சந்துல பிரஷ் எப்பிடிங்க பூரும்? நீங்களே சொல்லுங்க."

இந்த மனுஷனை என்ன செய்வது? அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. ஊர் முழுக்க நூல், நூல் என்று பேசுகிற இடத்தில் இருந்துகொண்டு எந்த நூல் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா," என்றார் அவர். அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார், இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தோம். குடித்து முடித்ததும் அவரே அரைவட்ட உளியை எடுத்தார். ஸ்கேலைக் கொண்டுவரச் சொல்லி, கொத்தனார் நூலால் ஒரு நூல், சுற்றிலும் இறக்கினார். உள்ளே வார்னிஷை அடிக்குமேல் அடி நான் அடித்தேன். புதிய ஆர்மரர் எலி வளை என்று சொன்னது இந்தச் சந்தைத்தான்.

கோச்சிடம் சொல்லப் போனதுதான் பெரிய பேஜார். அவர் கையைக் கட்டிக்கொண்டு முழுசும் கேட்டார்.

"மூணு மில்லின்னு நான் சொன்னேன் மிஸ்டர் ஏழுமலை."

"நானும் மூணு மில்லின்னுதான் சார் சொன்னேன். எங்க ஊரு பாஷைல சொன்னேன்."

"அப்ப தப்பு யாரோடது?"

"மழையோடது," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? "ஆனா அந்தப் பொண்ணோடது இல்ல. அத நீங்க இன்னிக்கே அது வீட்டுக்குச் சொல்லணும் சார்."

அவர் ரைபிளை வாங்கிக்கொண்டார். ஸ்கேலை எடுத்து அந்தச் சந்தை அளந்தார். என் எதிரிலேயே, ஒரு இடம் விடாமல். பிறகு தன் பைக்கில் சந்தவாசல் பக்கம் போனார் என்று வாட்ச்மேன் சொன்னான். மழையில் போனாராம். என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

மறுநாளும் தூறல் விடவில்லை. மொபெட் வந்து நின்றது, அம்மா அவளை இறக்கிவிட்டுப் போனார். கோச் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எஸ்தர் செருப்பைக் கழற்றினாள். அவசரத்தில் ஒன்று கோணலாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். குனியவில்லை.

அவள் படுத்துக்கொண்டு, சாதாரணச் சட்டையிலேயே, ஐந்து குண்டு சுட்டாள். கோச் டெலஸ்கோப்பில் குனிந்தார். நான் ஒர்க்‌ஷாப் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டார்கெட் எனக்குத் தெரியாது, அவர் முதுகுதான் தெரியும். நெடுநேரம் நிமிராமல் இருந்தார். கட்டிய கைகளைப் பிரித்தார்.

நிமிர்ந்ததும் உள்ளே போய், அவள் நாலாக மடித்து வைத்த மாதிரியே இருந்த அந்த ஜாக்கெட்டை எடுத்துவந்தார். உதறி, தோள் பக்கம் பிடித்து, அவள் கை நுழைக்க வசதியாக விரித்துக்கொண்டு நின்றார்.

"மறுபடி," என்றார்.

அவள் கையை நுழைத்தாள்.